கவுன் மாட்ட ஆறு கண்டிசன்

மருமவனே, நீ குடுத்துட்டுப் போன தாளை எழுத்துக்கூட்டி முழுசா வாசிச்சுட்டேன். நல்ல தாளு. பள்ளிக்கூட முத்திரை கோணாம விழுந்திருக்கு. மேல மராத்தி, நடுவுல இங்கிலீசு, கீழ தமிழு. மூணு மொழியிலயும் பிள்ளையள வெளிய தள்ளுத வேலைய ஒரே மாதிரி சுத்தமாச் செஞ்சிருக்கீங்க.

இதுவரைக்கும் உங்க பள்ளிக்கூடத்துல பத்தாங்கிளாசுக்கு சென்ட் ஆஃப்னு ஒண்ணு நடக்கும். பொட்டப்பிள்ளைய அக்கா சேலையச் சுத்திட்டு வரும். பயலுவ அப்பன் சட்டைய மாட்டிட்டு வருவானுவ. ஆளுக்கொரு சமோசா, ஒரு பிடி வேஃபர். ரெண்டு டீச்சர் அழுவாவ, கணக்கு வாத்தியார் அழாம மூஞ்சியத் திருப்பிக்கிடுவாரு. சோலி முடிஞ்சிரும். இந்த வருசம் உங்க ட்ரஸ்டிமாருக்கு மாட்டுங்கா, செம்பூர்ப் பக்கம் நடக்குததப் பாத்து ஆசை வந்துட்டு. கிராஜுவேசன் டே வைக்கணுமாம். கறுப்புக் கவுனு, தலையில பலகை, கையில ரிப்பன் கட்டின சுருளு. மேடைக்கு யாரு யாரு வரலாம்னு ஆறு கண்டிசன். "மாமா, பெரியவுக நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க"ன்னு என்கிட்ட வந்து நிக்க. நான் ஊர்ல அஞ்சாப்பு வரைக்கும் படிச்சவன். மிச்சத்த தாராவி தோல் கிடங்குல படிச்சேன். இருந்தாலும் கேட்டுட்ட, சொல்லுதேன்.

மொதல்ல தேதியப் பாரு. விழா பிப்ரவரி மொத வாரம்னு போட்டிருக்கு. பத்தாங்கிளாஸ் எஸ்.எஸ்.சி. பரீட்சை அதுக்குப் பொறவுதான வருது? 2025ல பிப்ரவரி 21 அன்னைக்குத் தொடங்கி மார்ச் 17ல முடிஞ்சுது. ரிசல்ட்டு மே 13ல வந்துச்சு. அப்பம் உங்க விழா அன்னைக்கு மேடை ஏறுத பயலும் பாஸாகல, கீழ நிக்குத பயலும் பாஸாகல. பரீட்சை எழுதுததுக்கு முன்னாலயே பட்டம் குடுக்குத தைரியம் 1857ல தொடங்கின பம்பாய் யுனிவர்சிட்டிக்கே கிடையாது. அவிய பழக்கம் வேற, பரீட்சை முடிஞ்சும் குடுக்காம இருப்பாவ. 2017ல விடைத்தாளையெல்லாம் ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டர்லயே திருத்தப் போறோம்னு ஒரே பாய்ச்சலா இறங்கினாவ பாத்தியா? லட்சக்கணக்கான தாளு தேங்கிப் போச்சு. கவர்னரு ஜூலை 31க்குள்ள முடிங்கன்னு கெடு வச்சாரு. கெடுவும் போச்சு, அக்டோபர்ல துணைவேந்தர் வேலையும் போச்சு. வெளிநாட்டுல சீட்டு வாங்கின பிள்ளைய மார்க் ஷீட் இல்லாம அல்லாடுச்சு.

ஆக, உங்க விழாவுல படிப்புக்குச் சோலி இல்ல, மார்க்குக்கும் சோலி இல்ல. மிச்சம் இருக்குதது என்னன்னு பாத்தா, மொதக் கண்டிசன்லயே பல்லக் காட்டிட்டு நிக்கி: 'பள்ளிக் கட்டணம் ஒரு பைசா பாக்கி இருந்தாலும் மாணவர் மேடைக்கு வர அனுமதி இல்லை.' இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் மத்ததப் படிச்சிருக்கவே வேண்டாம். மருமவனே, இதுக்குப் பேரு பட்டமளிப்பு இல்ல, பாக்கி வசூலிப்பு. அழைப்பிதழ்ல அப்படியே அச்சடிச்சுரு. சனங்களுக்குப் புரியும். கறுப்புக் கவுன் போட்டுட்டு வந்தா வக்கீல் நோட்டீசுன்னு நினைச்சு பாதிப் பேரு கட்டிருவான்.

நம்ம ஊர்க் கல்யாணத்துல மொய் எழுதாதவன் இலையில உக்காந்தா யாராவது கையப் புடிச்சுத் தூக்கிருக்காவளா? நோட்டு ஒரு பக்கம் நடக்கும், பந்தி ஒரு பக்கம் நடக்கும். மொய் நோட்டத் தூக்கிட்டு பந்தி வாசல்ல வந்து நிக்குதவன, பொண்ணு வீட்டுக்காரனே அடிச்சு விரட்டிருவான். பாக்கி இருந்தா அப்பன ஆபீசுக்குக் கூப்பிடு, தவணை போட்டு எழுதி வாங்கு. அவன் பாக்கிய அவன் மவன் மூஞ்சியில எழுதி ஊரெல்லாம் காட்டாத.

நீங்க மட்டும் இப்படின்னு நான் சொல்லல. அமெரிக்காவுல நியூஜெர்சியில செர்ரி ஹில்னு ஒரு ஊரு. 2019ல அங்க பள்ளிக்கூட நிர்வாகத்துக்காரவ ஒரு ரோசனை பண்ணினாவ. மத்தியானச் சாப்பாட்டுக் கடன் 75 டாலரத் தாண்டின பிள்ளைக்கு வருசக் கடைசி டான்ஸ் விருந்து கிடையாது, சுற்றுலா கிடையாதுன்னு. பிள்ளை தின்ன சோத்துக்கு. டாலர் தேசத்துலயே இப்படின்னா, உங்க ட்ரஸ்டிமாரும் உலகத் தரத்துக்கு வந்துட்டாவன்னுதான் நான் எடுத்துக்கிடணும். ஆனா ஒண்ணு. பிள்ளைய பட்டினியா வந்தா படிப்பு ஏறாதுன்னு மத்தியானம் சோறு போட்ட காமராசர் பேர்ல இதே தாராவியில ஒரு பள்ளிக்கூடம் இருக்கு. அவரு ஆறாவதோட நின்னவரு. உங்க தாள்படி அவருக்கும் மேடை கிடையாது. வேணும்னா படமா மாட்டி, மாலை போட்டு, படத்துக்கு முன்னாலயே பாக்கிக்காரப் பிள்ளையள எந்திரிச்சு நிக்கச் சொல்லு.

சட்டம்னு ஒண்ணு இருக்குததயும் சொல்லிருதேன், அப்புறம் மாமா சொல்லலைன்னு வரக்கூடாது. மெட்ராஸ் ஐகோர்ட்டு 2024 ஜூலையில ஒரு தீர்ப்புச் சொல்லுச்சு. டி.சி.யில, அதான் நம்ம பக்கம் எல்.சி.ன்னு சொல்லுதோமே அதுல, பீஸ் பாக்கின்னு எழுதக்கூடாது, அது பிள்ளையோட பேப்பரு, உங்க வசூல் கருவி இல்லன்னு. அப்படி எழுதுதது கல்வி உரிமைச் சட்டத்துல சொல்லுத மனரீதியான துன்புறுத்தலுக்குள்ள வரும்னும் சொல்லுச்சு. அந்தச் சட்டம் 14 வயசு வரைக்கும். உங்க பத்தாங்கிளாஸ் பிள்ளைக்கு 15 முடிஞ்சிருக்கும். உங்க ட்ரஸ்டிமாரு வயசு பாத்துத்தான் கை வச்சிருக்காவ, கெட்டிக்காரவதான்.

ரெண்டாவது கண்டிசன், 75 சதவீத வருகை. இத வாசிச்சதும் எனக்கு நம்ம சந்துல இருக்குத இட்லிக்கார வீட்டுப் பிள்ளை ஞாபகந்தான் வந்துச்சு. அதுவும் உன் கிளாஸ்தான, பேரு சொல்ல வேண்டாம். நாலு மணிக்கு அந்த வீட்டுல ஸ்டவ்வு எரியும். ஒரே கோலி, அதான் ஒத்த அறை, அதுல பாதிய கிரைண்டர் புடிச்சிருக்கும். ஆத்தாக்காரி தட்டுல ஊத்த, இந்தப் பிள்ளை ஈரத்துணியோட இட்லிய எடுத்து அண்டாவுல அடுக்கும். சட்னிக்கு தேங்கா உடைக்குததும் அதுதான். அஞ்சரைக்கு அப்பன் அண்டாவ சைக்கிள் கேரியர்ல வச்சு, டியூபால நாலு சுத்துச் சுத்திக் கட்டி, ஹாரன மாட்டிட்டுக் கிளம்பிருவான். மாட்டுங்காவுல, சயான்ல கட்டடத்துக்குக் கீழ ஹாரன் சத்தம் கேட்டதும் பாத்திரத்தோட இறங்கி வருதாவளே, அந்த இட்லி. பொறவுதான் இந்தப் பிள்ளை குழாய்த் தண்ணி புடிச்சு, தலை சீவி, பள்ளிக்கூடம் வரும். பிரேயர் முடிஞ்சிருக்கும். உங்க நோட்டுல ஆப்சென்ட்.

உங்க ட்ரஸ்டி காலையில தின்னுட்டு வருத இட்லி யாரு அவிச்சதுன்னு விசாரிச்சுப் பாரு. அந்த வகையில அந்தப் பிள்ளை உங்க மீட்டிங்குக்கே ஒழுங்கா வந்திருக்கு, வயித்துக்குள்ள.

அப்புறம் ஊர்க் கொடை. கோயில் கொடைன்னா தாராவியே பெட்டியக் கட்டிட்டு ரயில் ஏறும். போக ஒண்ணரை நாளு, வர ஒண்ணரை நாளு, நடுவுல சாமி ஆட ரெண்டு நாளு, கிடாக் கறி செரிக்க ரெண்டு நாளு. பொங்கலுக்கு ரோட்டுல வரிசையா அடுப்பு வச்சு பொம்பளைய பொங்க விடுதாவ, அதே வாரத்துல நீங்க பிரிலிம் பரீட்சை வைக்கீங்க. வருகை குறையத்தான செய்யும்? போர்டும் 75 கேக்குது, நான் இல்லைங்கல. ஆனா வாசியில இருக்குத போர்டு ஆபீசு அந்தப் பிள்ளைக்கு ஹால் டிக்கெட் குடுத்துட்டுது. பரீட்சை எழுதலாம்னு அரசாங்கமே சொல்லியாச்சு. சமோசா திங்கக் கூடாதுன்னு நீங்க சொல்லுதீங்க. உங்க மேடை என்ன, வாசிய விடப் பெருசா?

மூணாவது, பிரிலிம்ல எல்லாப் பாடமும் பாஸாகியிருக்கணும். இதுல எனக்கு ஒரு சந்தேகம், நீ வாத்தியாரு, தீத்து வை. பிரிலிம் பேப்பர் எடுக்குததும் நீங்க, திருத்துததும் நீங்க, பாடம் நடத்தினதும் நீங்க. பையன் அதுல போயிட்டான்னா மேடைக்கு வரக்கூடாதது யாரு? சரி விடு. போர்டு பரீட்சையில 35 எடுத்தா பாஸ். ரெண்டு பாடத்துல போனாலும் ஏ.டி.கே.டி.ன்னு சொல்லி பதினொண்ணாங்கிளாஸ்ல உக்கார வைக்குத மாநிலம் இது. மறுபரீட்சையும் வச்சிருக்கு. அரசாங்கமே பையன் தோளத் தட்டி வா வாங்குது, நீங்க வாசல்ல கம்பு வச்சிட்டு நிக்கீங்க. இன்னொண்ணும் காதுல விழுது. நூறு சதவீத ரிசல்ட்டுன்னு வாசல்ல பலகை வைக்குததுக்காக, மந்தமான பிள்ளையள ஒம்பதாவதுலயே ஒதுக்கி '17 நம்பர் ஃபார்ம் போட்டுத் தனியா எழுதிக்கோ'ன்னு அனுப்புத பள்ளிக்கூடங்க உண்டாம். உங்க பள்ளிக்கூடம்னு நான் சொல்லல. நீ ஏன் குனியுத?

நாலாவது நன்னடத்தை. முடிவெட்டு, மொபைலு, ஓரத்துல நின்னு பேசினது. இதுக்கெல்லாம் பட்டத்த நிறுத்தினா இந்தத் தேசத்துல ஒரு மந்திரி பேருக்குப் பின்னாலயும் பி.ஏ. நிக்காது. அடுத்ததுக்குப் போவோம்.

அஞ்சாவது கவுனு. வாடகைப் பணம் தேதிக்குள்ள கட்டணும், இல்லாட்டி மேடை இல்ல. நேத்து அந்தக் கவுன் தைக்குத பட்டறையில எட்டிப் பாத்தேன். சாட்டின் துணி, உள்ள லைனிங் கிடையாது. கழுத்துல வெல்க்ரோ, ஒட்டுதது பாதி ஒட்டாதது பாதி. தொப்பிக்குள்ள அட்டை. அது ஏதோ மிக்சி வந்த பெட்டி போல, ஓரத்துல 'கவனமாகக் கையாளவும்'னு இந்தியில தெரியுது. எல்லாம் ஒரே அளவு. உன் கிளாஸ்ல ஒல்லிப் பய ஒருத்தன் இருக்கானே, அவன் உள்ள நுழைஞ்சா தேடித்தான் எடுக்கணும். தச்சவருக்கு அறுபது வயசு இருக்கும், ராம்நாட்டுக்காரரு. "எதுக்கு அண்ணாச்சி இது"ன்னேன். "கோர்ட்டுக்குன்னு நினைச்சேன், பள்ளிக்கூடத்துக்காம்"னாரு. அவரு மவளும் உங்க பத்தாங்கிளாஸ்தானாம். அவளுக்கு எடுக்கலையான்னு கேட்டேன். கூலி வந்ததும் கட்டணும்னாரு. கவுன் தச்ச கூலிய வாங்கி கவுன் வாடகை கட்டுததுக்கு இருக்காரு மனுசன். அவரு தச்சத அவரு மவளுக்கு நீங்க வாடகைக்கு விடுதீங்க. யாவாரம்னா இது யாவாரம்.

அந்தக் கவுனையே பெரிய இடத்துல உதறியாச்சு, தெரியுமா? நம்ம பவாய் ஐ.ஐ.டி.யில படிச்சவருதான் ஜெயராம் ரமேசு. 2010ல மத்திய மந்திரியா போபால்ல வனத்துறைப் படிப்பு விழாவுக்குப் போயிட்டு, வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போன காட்டுமிராண்டிப் பழக்கம் இதுன்னு மேடையிலயே கழட்டிப் போட்டாரு. 2024 ஆகஸ்ட்ல மத்திய சுகாதார அமைச்சகம், எய்ம்ஸ் மாதிரி அவிய கையில இருக்குத ஆஸ்பத்திரிக் கல்லூரிகளுக்கெல்லாம் கறுப்புக் கவுனும் தொப்பியும் வேண்டாம், உங்க ஊரு மாநில உடுப்புல புதுசா ஒண்ணு யோசிங்கன்னு கடுதாசி போட்டுது. சேலத்துல 2023ல பெரியார் யுனிவர்சிட்டி அதுக்கும் ஒரு படி மேல போச்சு. கவர்னர் வருத பட்டமளிப்புக்கு ஒருத்தரும் கறுப்பு உடுப்பு போட்டு வரக்கூடாதுன்னு சுற்றறிக்கை. கூச்சல் வந்ததும் திருப்பி வாங்கிட்டாவ. அதாவது டெல்லியும் சேலமும் உதறுத கறுப்பத்தான் நீங்க வாடகை போட்டு மாட்டி விடுதீங்க, அதுவும் பிப்ரவரி புழுக்கத்துல, தகரக் கூரைக்குக் கீழ.

கவுனுன்னதும் செம்பூருல என் பேத்தி மவ ஞாபகம். போன வருசம் அதுக்கு அஞ்சு வயசு. யு.கே.ஜி. கிராஜுவேசன்னு என்னைய ஆட்டோவுல ஏத்திக் கூட்டிட்டுப் போனாவ. முப்பது பிள்ளை, முப்பது கவுனு. ஒண்ணு தொப்பியத் தின்னுது. ஒண்ணு மேடையிலயே ஒண்ணுக்கு இருந்துட்டு. நம்ம பட்டதாரி தூங்கிட்டா, டீச்சர் தோள்ல போட்டுக்கிட்டுத்தான் சுருள வாங்கினாவ. அங்க வருகை கேக்கல, பிரிலிம் கேக்கல, நன்னடத்தை கேட்டிருந்தா ஒரு பிள்ளை தேறாது. எல்லாத்துக்கும் கைதட்டு. அஞ்சு வயசுல தூங்கிட்டே வாங்குத பட்டத்த, பத்து வருசம் முழிச்சிருந்து படிச்சவனுக்கு இல்லைங்கீங்க. இதுல எனக்கு என்ன தோணுதுன்னா, உங்க பத்தாங்கிளாஸ் பிள்ளையள எல்லாம் திரும்ப யு.கே.ஜி.யில சேத்துட்டா கண்டிசன் பிரச்சினையே வராது.

தகுதி தகுதின்னு கண்டிசன் எழுதின கதை ஒண்ணு நம்ம பம்பாய் மாகாணத்துக்காரிக்கே நடந்திருக்கு. கார்னீலியா சொராப்ஜின்னு பார்சி வழியில வந்த பொம்பளை. பம்பாய் யுனிவர்சிட்டியில பட்டம் வாங்கின மொதப் பொம்பளை. நல்ல மார்க்கு, சீமைக்குப் போய்ப் படிக்க உதவித்தொகை கிடைச்சிருக்கணும், பொம்பளைன்னு இல்லைன்னுட்டாவ. தெரிஞ்சவுக பணம் போட்டு அனுப்பி வச்சாவ. ஆக்ஸ்ஃபோர்டுல 1892ல சட்டப் பரீட்சை எழுதினா. எழுதலாம், பாஸும் ஆவலாம், ஆனா பொம்பளைக்குப் பட்டம் குடுக்குத கண்டிசன் அங்க கிடையாது. குடுக்க மனசு வந்தப்ப 1920 ஆயிட்டு. அவ போய் வாங்கினது 1922ல. முப்பது வருசம். அதுக்குள்ள அந்தம்மா நம்ம நாட்டுல பர்தாவுக்குள்ள இருந்த ராணிமாரு சொத்து வழக்கெல்லாம் பாத்துக் குடுத்தாச்சு. உங்க ட்ரஸ்டிமாருக்கு அந்த ஆக்ஸ்ஃபோர்டுக் கமிட்டி ரொம்பப் புடிக்கும். நிதானமான ஆளுக.

ஆறாவது, ஒரு பிள்ளைக்கு ரெண்டு பாஸ்தான். அப்பனும் ஆத்தாளும். இத எழுதினவரு தாராவியில குடியிருக்காதவரு. இங்க ஒரு பிள்ளைய வளத்தது ஆச்சி, சித்தி, பக்கத்துக் கோலி அக்கா, ட்யூசன் சொல்லிக் குடுத்த அண்ணன். ரெண்டு பாஸக் குடுத்தா வீட்டுல பாகப் பிரிவினை வந்துரும். வாசல்ல செக்யூரிட்டி நிறுத்துதீங்கன்னு கேள்விப்பட்டேன், அதுலயும் சூதானம். புதுச்சேரி யுனிவர்சிட்டியில 2019 டிசம்பர்ல ஜனாதிபதி வந்த விழாவுல, தங்கப் பதக்கம் வாங்க வேண்டிய பிள்ளை ஒண்ணு, அவரு கிளம்புத வரைக்கும் என்னைய வெளிய நிறுத்திட்டாவன்னு சொல்லுச்சு. உள்ள போனதும் பதக்கம் வேண்டாம், சர்ட்டிஃபிகேட் மட்டும் போதும்னுட்டு. விருந்தாளிய உக்கார வச்சு வீட்டுக்காரன வெளிய நிறுத்தினா அப்படித்தான். அந்த ஜனாதிபதி என்ன பேசினாருன்னு எவனுக்கும் ஞாபகம் இல்ல, அந்தப் பிள்ளைய ஞாபகம் இருக்கு.

சுருள்ல என்ன இருக்குன்னு கேட்டேன், வெறுந்தாளுன்ன. அது நல்லது. எழுதினாத்தான் வம்பு. 2025 ஜனவரியில பம்பாய் யுனிவர்சிட்டி பட்டமளிப்புல குடுத்த சர்ட்டிஃபிகேட்ல, யுனிவர்சிட்டி முத்திரைக்குள்ளயே மும்பைங்குத பேரத் தப்பா அச்சடிச்சு 'முமபை'ன்னு வர மாதிரி விட்டுட்டாவ. நூத்தம்பது வருசத்துக்கு மேல அதே ஊர்ல இருக்குத யுனிவர்சிட்டி. திரும்ப வாங்கிட்டு, காசில்லாம வேற குடுக்கோம்னு சொன்னாவ. பிழை இல்லாம வெறுந்தாள் குடுக்குததுல உங்கள மிஞ்ச ஆளில்ல.

இப்பம் நீ என்ன செய்யுதன்னா, தாளக் கிழிச்சுப் போடாத, உனக்கு வேலை முக்கியம். ஏழாவதா ஒரு கண்டிசன் சேத்துட்டு மீட்டிங்குல வை. மேடையில உக்காருத எல்லாருக்கும் இதே விதி. ட்ரஸ்டிமாரு போன வருச மீட்டிங்குகள்ல 75 சதவீதம் வந்திருக்கணும், கையெழுத்து மட்டும் போட்டது செல்லாது. பள்ளிக்கூடத்துக்குத் தாரேன்னு மைக்குல சொன்ன நன்கொடைய எல்லாம் தந்திருக்கணும், ஒரு பைசா பாக்கி இருக்கக்கூடாது. சீஃப் கெஸ்டு தன்னோட எல்.சி.ய எடுத்துட்டு வரணும். ஆளுக்கு ரெண்டு பாஸ், கார் டிரைவருக்குக் கிடையாது. கவுன் வாடகை அவிய அவிய கையிலேருந்து.

மேடையில எத்தன நாற்காலி மிஞ்சுதுன்னு எண்ணிட்டு வந்து சொல்லு. சமோசாவ அதுக்குப் பொறவு ஆர்டர் பண்ணுவோம். இட்லியா இருந்தாலும் சரிதான், நம்ம சந்துலயே கிடைக்கும்.